கருப்பட்டியின் பின்னங்கால்

வெண்ணிலா செய்த மிருகத்துக்குக் கொம்பு இருந்தது, செதில் இருந்தது, பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தும்படி கண் இருந்தது. நடை மட்டும் இல்லை. கம்ப்யூட்டரில் நடக்கவிட்டால் இரண்டே அடியில் பின்பக்கம் மடங்கி உட்கார்ந்துவிடும். நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று பெயர் வைத்திருந்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. பெயர் வைத்த பிறகு எதையாவது தூக்கிப் போட மனசு வருமா?

தாம்பரத்தில் ஒரு பல் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவள் வேலை. ஞாயிறு மதியங்களில், கம்ப்யூட்டரிலேயே களிமண் பிசைவதுபோல மிருகம் செய்யும் வகுப்பு. முப்பத்தாறு வயதில் அவள் ஒருத்தி, மற்றதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். சொல்லிக்கொடுக்கும் ஷெர்வினுக்கே இருபத்தைந்துதான் இருக்கும். தோலை அப்புறம் பார்க்கலாம் அக்கா, முதலில் எலும்பு எங்கே மடங்குகிறது என்று படிங்க என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் படித்தாள். எலும்புப் படம் முழுக்க வாயில் நுழையாத பெயர்கள். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. இந்த ஞாயிறும் கருப்பட்டி விழுந்தால் வகுப்பை விட்டுவிடுவது என்று முடிவே செய்துவிட்டாள். கணவன் மோகன்ராஜிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள்.

அன்று காலை கோவிலம்பாக்கத்தில் கறிக்கடை வரிசையில் நின்றாள். குழம்புக்குக் கறியோடு, மடக்கிப் பார்த்துப் படிக்க ஆட்டின் பின்னங்கால் ஒன்றும் வாங்குவதாக உத்தேசம். முறை வந்ததும் கடைக்காரர் சிட்டிபாபுவிடம், காலை முட்டியோடு வெட்டித் தரச் சொன்னாள். அவர் கொக்கியில் தலைகீழாகத் தொங்கிய ஆட்டின் தொடைப் பக்கம் கத்தியைக் கொண்டுபோனார். பதறிப்போய்த் தடுத்தாள். அங்கே இல்லை, கொக்கி மாட்டியிருக்கிற இடத்தில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதே, அதுதான் முட்டி என்று விரலை நீட்டிக் காட்டினாள்.

சிட்டிபாபு கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா நீ, முட்டி தொடையாண்ட கீது. நீ காட்றது குதிகாலு."

"குதிகாலா? அது தரையில படவே படாதேண்ணா."

"ஆடு என்னிக்குக் குதிகாலை ஊணிச்சு? பொறந்ததுலேர்ந்து நுனிக்கால்லதான் நடந்துகினு கீது."

வெண்ணிலா அங்கேயே குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நின்று, முட்டியை லேசாக மடக்கிப் பார்த்தாள். இடுப்பு, முட்டி, குதிகால் என்று மூன்று மடிப்பு. கருப்பட்டிக்கு அவள் வைத்தது இரண்டுதான். தொடையை நீட்டிக் குதிகாலில் கொண்டுபோய் ஒட்டி, அதற்கு முட்டி என்று பட்டமும் கட்டியிருக்கிறாள். முட்டியே இல்லாத ஜீவனை நட நட என்றால் அது என்ன செய்யும், பாவம். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் நின்றவர் பையும் கையுமாகத் தானும் நுனிக்காலில் எழும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்த அம்மாளும் எழும்பினார். கொஞ்ச நேரத்தில் வரிசையே அரைச் சாண் உயர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் கறியை மோகன்ராஜ் தலையில் கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பின்னங்கால்கள் இரண்டையும் பிரித்து, தொடையைக் குறுக்கி, வயிற்றை ஒட்டி முட்டியை வைத்து, குதிகாலைக் குதிகாலாகவே விட்டாள்.

மதியம் வகுப்பில் ஷெர்வின் பட்டனைத் தட்டினான். கருப்பட்டி ஓரடி வைத்தது. இரண்டாவது அடியில் வெண்ணிலா கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லையே என்று திறந்தபோது அது ஐந்தாவது அடியில் இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. கருப்பட்டி அப்படியே நடந்து திரையின் ஓரத்துக்குப் போய்விட்டது. நிறுத்துவதற்காக ஷெர்வின் மவுஸை எடுத்தான்.

"விடு தம்பி," என்றாள் வெண்ணிலா. "போகட்டும்."

கொம்பு போயிற்று, முதுகு போயிற்று, கடைசியாக வாலும் போயிற்று. காலியாகக் கிடந்த திரையைப் பார்த்து வகுப்பே கைதட்டியது.