கடலைக் குழம்பில் விரிந்த குடைகள்

தெயோபிஸ்தாவுக்கு அந்தக் கனவு மறுபடியும் வந்த நாளில், காலையில் கம்பாலாவின் குன்றுகள் எல்லாம் மூடுபனிக்குள் இருந்தன. எங்கள் சாப்பாட்டுக் கடை பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் குன்றின் உச்சிகள் மட்டும், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன தொப்பிகள் போல மிதக்கும். அடுப்பில் பெரிய பானை மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வாழையிலைப் பொதிக்குள் மத்தோக்கே, எங்கள் பச்சை வாழைக்காய், வெந்து குழைந்துகொண்டிருந்தது.

"சின்னச் சின்னதா, வெள்ளையா, தரையெல்லாம் காளான் முளைச்சிருக்குங்க," என்றாள் என் மனைவி. "பெஞ்சு மேல, பானை மூடி மேல, எங்க பார்த்தாலும். ஒண்ணு மட்டும் என் முழங்கால் கிட்ட வந்து, 'அக்கா, ஏன் என்னைக் கடிக்கிற'ன்னு கேக்குது."

"காளான் பேசுச்சா?"

"சத்தமா இல்ல. தூரத்துல மழை பேசுமே, அந்த மாதிரி."

"சாப்பிடாம படுத்தா காளானும் பேசும், கல்லும் பேசும்."

அவள் சிரிக்கவில்லை. மணிக்கட்டைச் சொறிந்துகொண்டாள். அங்கே தோல் சிவந்து தடித்திருந்தது. புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு உயிர் உடன்பிறப்பு. அவள் காளான் குலம். நான் சேற்றுமீன் குலம். அவள் வாயில் காளான் படாது, என் வாயில் சேற்றுமீன் படாது. கூடப் பிறந்தவனை யாராவது தின்பார்களா? சமைப்பதற்குத் தடையில்லை. எனக்காக அவள் எத்தனையோ முறை காளான் சமைத்திருக்கிறாள், கரண்டியை ஒரு தடவைகூட நாக்கில் வைக்காமல்.

கடை ஒரு காலத்தில் நன்றாக நடந்தது. பிறகு நகரம் எங்கள் மேல் ஏறி உட்கார்ந்தது. முன்பு வாழைத் தோட்டமாக இருந்த சரிவுகளில் மாடி வீடுகள் வந்தன. வாழைக்குலை வெகுதொலைவு மேற்கிலிருந்து லாரியில் குலுங்கிக் குலுங்கி வரும்போதே அரை உயிராகிவிடும். கடலை மாவு ஆலையிலிருந்து வந்தது, அதில் கடலை எவ்வளவு என்று ஆலைக்காரனுக்குத்தான் தெரியும். குழம்பின் நிறம் இருந்தது, ருசி எங்கோ போய்விட்டது. அலுவலகத்துப் பெண்கள் சோறும் வறுத்த உருளைக்கிழங்கும் தேடிப் போனார்கள். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் ஜுபாயிரியின் கல்லுக்கு முன்னால் நின்றார்கள். அவன் முட்டையைச் சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுப்பான். நின்றபடியே தின்றுவிட்டு ஓடலாம்.

"அண்ணி, உங்க பானை வேகுறதுக்குள்ள என் வாடிக்கைக்காரன் கல்யாணம் பண்ணிப் பிள்ளையே பெத்துடுவான்," என்று அங்கிருந்தே கத்துவான்.

"அந்தப் பிள்ளைக்கும் உன் சப்பாத்தி செரிக்காது, போடா," என்பாள் இவள்.

அந்த ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில்தான் அவள் சந்தையிலிருந்து ஒரு மசாலாப் பொடியை வாங்கி வந்தாள். சின்னப் பொட்டலம். எல்லாக் கடையிலும் போடுகிறார்கள் என்று விற்றவள் சொன்னாளாம். ஒரு சிட்டிகை போட்டதும் கடலைக் குழம்பு விழித்துக்கொண்டது. மண்ணும் மழையும் கலந்த ஒரு வாசனை தெருவரை போனது. பெஞ்சுகள் நிறைந்தன. தெயோபிஸ்தா கரண்டியை உள்ளங்கையில் தட்டி, நக்கிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அவள் அப்படி நின்று நான் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

கனவு மறுபடியும் வந்த அந்த நாள்தான் குலங்களின் கால்பந்துப் போட்டி நாள். அன்று மோதியவை அவளுடைய காளான் குலமும் என்னுடைய சேற்றுமீன் குலமும். காளான் அணிக்கான மதியச் சாப்பாட்டை அவளுடைய அண்ணன் ரெவொகாத்துஸ் அவளிடம் ஒப்படைத்திருந்தார். குலம் அவளிடம் கேட்ட முதல் வேலை அது. விடிவதற்கு முன்பே எழுந்து குழம்பை வைத்து முடித்துவிட்டாள். பிறகு மழை வந்தது.

எங்கள் தகரக் கூரை ஒரு மூலையில் ஒழுகும். அந்த மூலையில்தான் பொடியைக் கொட்டி வைத்த கிண்ணம் இருந்தது. கடைசியாக இன்னொரு சிட்டிகை போடலாம் என்று போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க. இங்க வாங்க."

கிண்ணத்தில் மழைநீர் நிரம்பியிருந்தது. பொடியில் கிடந்த, வெங்காயச் சருகு என்று நாங்கள் நினைத்திருந்த பழுப்புத் துணுக்குகள் நீரில் ஊறி, உப்பி, மெல்ல விரிந்துகொண்டிருந்தன. ஒன்றில் குடையின் வளைவு தெரிந்தது. இன்னொன்றின் அடியில் மயிர்க்கோடு போன்ற மடிப்புகள் இருந்தன. அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றின, கனவிலிருந்து வழி கேட்டு வந்தவர்கள் போல. நான் விரலால் தொட்டேன். காளான்தான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தினமும் ருசி பார்த்தேனே," என்றாள். "அண்ணன் வாரா வாரம் சாப்பிட்டாரே. நம்ம ஆளுங்க எத்தனை பேரு."

"யாருக்குத் தெரியப்போகுது? இன்னைக்கு இதைக் கொடுத்து அனுப்பு. நாளையிலேர்ந்து பொடியை நிறுத்திடலாம்."

"குலத்துக்கே குலத்தை ஊட்டுனவன்னு பேரு வந்தா நான் எந்தச் சாவுக்குப் போய் உக்காருவேன்? எந்தக் கல்யாணத்துல நிப்பேன்?"

"அதுக்குத்தான் சொல்றேன், சொல்லாதே."

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுங்களுக்குத் தெரியுமே," என்றாள்.

ரெவொகாத்துஸ் வண்டியை நிறுத்திவிட்டு நனைந்தபடி உள்ளே வந்தார். "தங்கச்சி, பானை ரெடியா? பசங்க பசியில கோல் கம்பத்தைக் கடிச்சிட்டிருக்கானுங்க. மச்சான், உங்க மீனுங்க இன்னைக்குக் கருவாடுதான்."

தெயோபிஸ்தா வழக்கம்போல மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, குழம்புல காளான் இருக்கு."

மழை தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு மட்டுமா?"

"மழைக்காலம் தொடங்குனதுலேர்ந்து. சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணா. பொடியில இருந்திருக்கு."

அவர் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். கிண்ணத்திடம் போய்க் குனிந்தார்.

"அப்ப அதுதான் அந்த ருசி," என்றார் மெதுவாக.

"நான் கடையை மூடிடறேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து தலையைத் துடைத்துக்கொண்டார். "மூடினா? உன் கடைக்கு வர்றவங்க எல்லாம் எங்க போவாங்க? அங்கயும் இதே பொடிதான். என் வீட்டுல பிள்ளைங்க பாக்கெட் சூப் குடிக்குதுங்க, பாக்கெட் நூடுல்ஸ் திங்குதுங்க. நான் ஒருநாளாவது உள்ள என்னன்னு கேட்டிருக்கேனா? நான் கேக்காமலே நீ சொல்லிட்ட." எட்டிக் குழம்புப் பானையை மூடினார். "ஆனா தெரிஞ்சப்புறம் பசங்க வாயில வைக்க மாட்டேன். எந்திரி. வேற என்ன இருக்கு?"

வேறு எதுவும் இல்லை. குழம்பில்லாத மத்தோக்கே தொண்டையில் இறங்காது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தோம்.

"அண்ணி, உங்க குலம் என் சப்பாத்தியைத் தின்னுட்டா ஆடப்போகுது?" ஜுபாயிரி முட்டைகளை உடைத்துக்கொண்டே கேட்டான். "ஓடாது. உருண்டு போகும்."

"பேசாம சுடு."

மத்தோக்கேயும் குழம்பும் என்னோடு சேற்றுமீன் அணிக்குப் போயின. அவர்களுக்கு அதில் விலக்கு ஒன்றும் இல்லை. விவரத்தைச் சொல்லித்தான் கொடுத்தேன். கைதட்டி வாங்கிக்கொண்டு, இலையை வழித்துத் தின்றார்கள்.

அந்த ஆட்டத்தை நான் கனவில் பார்த்ததுபோலத்தான் நினைவிருக்கிறது. மழை நின்று, ஈர மைதானத்திலிருந்து ஆவி எழுந்தது. எங்கள் ஆட்கள் வயிறு நிறைந்து, கோடையில் சேற்றுக்குள் உறங்கும் மீன்களைப் போல அந்த ஆவிக்குள் மெல்ல அசைந்தார்கள். பந்து அவர்களைக் கடந்து போவதை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சப்பாத்தி தின்றவர்கள் ஜெயித்தார்கள். ரெவொகாத்துஸ் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, வயிற்றைத் தடவிக் காட்டிச் சிரித்தார்.

அதன் பிறகு எங்கள் கடையில் இரண்டு பானைக் குழம்பு. ஒன்றில் பொடி உண்டு, அதை நான் ருசி பார்க்கிறேன். மற்றதில் பொடி இல்லை. அவளே கடலையைக் கருகும் நிலைக்குச் சற்று முன்புவரை வறுத்து இடித்து, அவளே ருசி பார்க்கிறாள். முதல் பானைதான் சீக்கிரம் காலியாகும். தட்டை நீட்டுபவரிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "என்ன குலம்?"

சிலர் முகம் சுளித்துக்கொண்டு ஜுபாயிரியிடம் போனார்கள். பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் அதைக் கேட்டு, "அடடா, நீ நம்ம ஆளா" என்று நகர்ந்து இடம் கொடுப்பார்.

ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். முன்பு தினமும் காதில் ஒயரோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவள், லீவு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"எனக்குத் தெரியாதே. எப்பவும் ஊத்துறதையே ஊத்துங்க."

"தெரியாம ஊத்த மாட்டேன், கண்ணு."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் வெட்கத்தோடு அப்பாவுக்குப் போன் செய்தாள். இரண்டு பானைகளின் ஆவியும் அவள் முகத்துக்கு முன்னால் ஒன்றாகக் கலந்தது. அவள் காதை அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"அப்பா சிரிக்கிறார்," என்றாள் எங்களிடம். "இப்பவாவது கேட்டியேங்கிறார்." பிறகு, "காளானாம்."

தெயோபிஸ்தா இரண்டாவது பானைக்குள் கரண்டியை விட்டாள். அவள் மணிக்கட்டில் தடிப்பு மறைந்திருந்தது.

"அப்ப நான் உனக்கு அத்தை முறை," என்றாள். "தட்டைக் கிட்ட கொண்டா."