ஏழு சுற்றுச் சுருள்

இரண்டாவது டிரான்சிஸ்டரும் புகைந்த வாடை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. ஹேமலதா ஜன்னலைத் திறந்துவிட்டு மூன்றாவதைக் கையில் எடுத்தாள். அதுதான் கடைசி. வேறு வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு எம்.இ. வாய்மொழித் தேர்வு. அங்கே காட்ட வேண்டியது ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்கான ஒரு சின்னப் பெருக்கி, ஆம்ப்ளிஃபையர். வாங்கும் மின்சாரத்தைச் சூடாக வீணடிக்காமல் அலையாக மாற்றிக் காட்ட வேண்டும். ஓடாத பெருக்கியோடு வந்தால் அடுத்த வருஷம்தான் என்று கைடு சொல்லிவிட்டார். முப்பத்து மூன்று வயதில், கல்லூரியில் பாடமும் நடத்திக்கொண்டு, இன்னொரு வருஷம் முடியாது.

கம்ப்யூட்டருக்கு எந்தக் கவலையும் இல்லை. கணவன் ஜெயச்சந்திரன் பட்டுப்புடவை பார்டருக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டர் அது; 2003-இல் ஆரணியில் அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். மதியம் அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் இரண்டு மணி நேரம் அவளுடையது. சிமுலேஷனில் பெருக்கி தொண்ணூறு சதவீதத் திறனோடு ஜம்மென்று ஓடியது. மேசையில் நிஜமாகச் செய்து வைத்தால் டிரான்சிஸ்டர் எரிந்தது.

மாமியார் ரங்கம்மாள் காபியை வைத்துவிட்டு, சர்க்யூட் பலகையிலிருந்து கழற்றிய செம்புக் கம்பிச் சுருளை எடுத்துப் பார்த்தாள். நாற்பது வருஷம் தறிக்கு நூலைக் குழலில் தார் சுற்றிய கை. எதையும் தடவிப் பார்த்துத்தான் பேசுவாள்.

"நீ சுத்துனதாம்மா? மயிரிழை சந்து இல்லியே. நம்ம வூட்டுக் கைன்னு பாத்தாலே தெரியுது."

ஹேமலதாவுக்குச் சுரீர் என்றது. கம்ப்யூட்டருக்கு அவள் சொன்ன சுருள் வேறு. அதில் சுற்றுக்குச் சுற்று ஒரு கம்பி கனம் இடைவெளி. அவளும் நெசவு வீட்டில் பிறந்தவள்தான். தாரில் சந்து விட்டால் அம்மாவிடம் கையில் அடி விழும். ஏழு சுற்றையும் கை தன்பாட்டுக்கு நெருக்கிவிட்டிருந்தது. சுற்றுகள் நெருங்கினால் சுருளின் மின்தூண்டல் ஏறிவிடும்.

மாமியார் கையிலிருந்து சுருளை வாங்கி அதன் நீளத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். இதுவரை திரையில் மின்னழுத்தம் எழும்போது மின்னோட்டம் அடங்கும், மின்னோட்டம் எழும்போது மின்னழுத்தம் அடங்கும். அப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போன இரண்டு கோடுகளும் இப்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் சூடு. நொடியின் கோடியில் ஒரு பங்குக்குள் நடந்தது, எந்தக் கண்ணுக்கும் தெரியாதது, திரையில் அசையாமல் நின்றது. பார்டரில் மயில் வரையும் பெட்டிக்கு இதுவும் தெரிந்திருக்கிறது. அவள் உண்மையான சுருளைச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. மேலெல்லாம் சிலிர்த்தது.

சுருளின் இரண்டு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"ஏம்மா, நல்லா இருக்கறத இழுத்துக் கெடுத்துகினு கீற?"

"இதுக்குச் சந்து வேணும் அத்தை."

இழுத்து, அளந்து, மறுபடி இழுத்து, கடைசி டிரான்சிஸ்டரோடு சேர்த்துப் பற்றவைத்தாள். அலை போய்ச்சேர ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பு. சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிந்தது. முதல் இரண்டும் பத்து எண்ணுவதற்குள் போனவை. ஹேமலதா முப்பது வரை எண்ணினாள். தொட்டுப் பார்க்கக் கை வரவில்லை.

ரங்கம்மாள் கேட்காமலே டிரான்சிஸ்டர் மேல் விரலை வைத்தாள்.

"சூடே இல்லியே," என்றாள். "அப்ப அந்த பல்பு எப்டி எரியுது?"

ஹேமலதா எண்ணுவதை நிறுத்தினாள். பட்டு இழை அறுத்து அறுத்துத் தழும்பேறிய அந்த விரல் விலகாமல் அங்கேயே இருந்தது. பல்பின் வெளிச்சம் அதன் நகத்தில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது.