இறக்கைத் தூள்

சோப்புத் தூளை இரண்டு முறை மாற்றியும் அரிப்பு நின்றபாடில்லை. அரிப்பு லாண்டரிக்காரிக்கு அல்ல, அவளிடம் துணி போட்டவர்களுக்கு.

டாக்டர் வீட்டம்மா சட்டைகளைக் கவுண்டரில் விசிறினாள். "துணிக்குக் கஞ்சி போடறீங்களா, காஞ்சொறி இலையைப் போடறீங்களா?" என்று கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. பள்ளி விடுதி வார்டன் சண்டைக்கெல்லாம் வரவில்லை. நாற்பது படுக்கை விரிப்புகளையும் மூட்டை கட்டச் சொன்னார். "பிள்ளைங்க தூங்கறதை விட்டுட்டு விடிய விடிய சொறியறாங்க. நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

"ஊருக்கே நம்ம மேல வயித்தெரிச்சல் அண்ணி," என்றாள் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்த நாத்தனார்.

"வயித்தெரிச்சல் வயித்துல இருக்கணும். முதுகுல ஏன்டி வருது?"

நாத்தனார் அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள். ஊருக்கு வெளியே காற்றாலை ஆராய்ச்சி நிலையம் வந்து ஒரு வருடம் ஆகிறது. காற்றாலையின் ராட்சத இறக்கைகளை வளைத்தும் அறுத்தும் தேய்த்தும் சோதிக்கிற இடம். அங்கே வேலை செய்யும் எண்பது பேருடைய யூனிஃபார்மும் வாராவாரம் இந்தக் கடைக்குத்தான் வரும். அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தது நாத்தனார். அவள் புருஷன் அங்கே ஸ்டோர் கீப்பர். அன்றிலிருந்து அவள் கடைக்குள் நடக்கிற நடையே வேறு. கடையில் இருந்தது இரண்டு மெஷின். காலையில் யூனிஃபார்ம், மத்தியானம் ஊர்த் துணி என்று இரண்டும் மாறி மாறி ஓடின.

வார்டன் மூட்டையோடு போன மறுநாள் நிலையத்து சர்வே சார் வந்தார். நிலையத்தால் வட்டாரத்தின் பொருளாதாரம் எப்படி வளர்ந்திருக்கிறது என்று அறிக்கை எழுதுகிறவர். அறிக்கை நன்றாக இருந்தால்தான் நிலையத்துக்கு இரண்டாவது கட்டடம்.

"உங்க கடைதான் மேடம் எங்க முதல் உதாரணம். முன்னாடி எத்தனை பேர் வேலை செஞ்சாங்க?"

"ரெண்டு."

"இப்போ?"

"நாலு."

சர்வே சார் அதைப் பாயசம் குடிக்கிற முகத்தோடு எழுதிக்கொண்டார்.

"போன வாடிக்கையையும் எழுதுங்க சார். டாக்டர் வீடு, ஹாஸ்டல், இன்னும் பதினோரு வீடு."

"அதுக்குக் கட்டம் இல்லைங்க."

"வந்ததுக்குக் கட்டம் இருக்கு, போனதுக்கு இல்லையா?"

"அது வேற ஆய்வு மேடம்," என்று அவர் மறுபடி காகிதத்தின் மேல் குனிந்தார். அப்போது சட்டைக் காலர் லேசாக மடங்கியது. உள்பக்கம் ஒரு பச்சை நூல் தையல்.

எந்தத் துணி எந்தக் கடையுடையது என்று தெரிய, ஒவ்வொரு லாண்டரிக்காரரும் காலருக்குள் தங்கள் நிறத்தில் ஒரு தையல் போடுவார்கள். இவள் நூல் சிவப்பு. பச்சை, பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுக்காரனுடையது.

"ஏன் சார், ஒரு மணி நேரம் பஸ்ல போய்ச் சட்டை வெளுக்கறீங்களா? உங்க ரூமுக்கு எதிர்லயே நான் கடை விரிச்சு உக்காந்திருக்கேனே?"

அவர் கை தானாகக் காலருக்குப் போனது. கண் நாத்தனாரிடம் போனது.

"அவளை ஏன் பாக்கறீங்க? கேட்டது நான்."

"சர்க்குலர் வந்துச்சு மேடம். இறக்கையைத் தேய்க்கும்போது கண்ணாடி நார்த் தூள் பறக்கும், அது யூனிஃபார்ம்ல ஒட்டும், தோல்ல பட்டா அரிக்கும், வீட்டுத் துணி துவைக்கிற மெஷின்ல அதைப் போடக் கூடாதுன்னு. ஸ்டோர் மூலமா உங்களுக்கும் சொல்லியிருப்பாங்களே?"

"எப்போ?"

"எட்டு மாசம் இருக்கும்."

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் நாத்தனார் தன் வீட்டுத் துணிகளைக் கொண்டுவருவதை நிறுத்தினாள். வீட்டிலேயே சின்ன மெஷின் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். நல்லா இருக்கட்டும் என்று அப்போது இவளும் சந்தோஷப்பட்டாள்.

"தெரிஞ்சே இருந்திருக்க," என்றாள் லாண்டரிக்காரி.

"சொன்னா அந்த வேலையே வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"தனி மெஷின் கேட்டிருப்பேன்டி."

"கேட்டா கொடுத்துடுவாங்களா? வேற கடைக்குப் போயிடுவாங்க. என் வீட்டுக்காரரையும் அங்க ஏன்டா இருக்கன்னு கேப்பாங்க." நாத்தனாரின் குரல் தடித்தது. "ஊரான் சட்டையை நம்பியிருந்தா இந்தக் கடைக்கு எப்பவோ பூட்டு விழுந்திருக்கும் அண்ணி. சோறு போட்டது என் யூனிஃபார்ம்தான்."

"சோத்துல கண்ணாடியைக் கலந்தல்ல போட்டிருக்க."

 லாண்டரிக்காரி உள்ளே போய் யூனிஃபார்ம் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து சர்வே சார் வந்த நிலையத்து ஜீப்பில் எறிந்தாள். ஆறு மூட்டை. அவர் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"மேடம், பாதி வருமானம் போயிடும். நிதானமா யோசிங்க."

"உங்க சட்டை விஷயத்துல நீங்க யோசிச்சீங்களே, அதே மாதிரிதான் நானும் யோசிச்சேன்."

சாயங்காலம் புருஷனிடம் நியாயம் கேட்டால், அவன் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு, "அவளும் என் தங்கச்சிதானே" என்றான். "தங்கச்சி வீட்டுலயே சட்டை துவைச்சுக்கோங்க," என்று அவள் அவன் அலமாரியைக் காலி செய்து துணிகளை வாசலில் வைத்தாள்.

ஒரே மாதத்தில் நாத்தனார் இரண்டு தெரு தள்ளிப் புதுக் கடை போட்டாள். யூனிஃபார்ம் மட்டும்தான். இங்கிருந்த இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆராய்ச்சி அறிக்கையும் வெளிவந்தது. சர்வே சார் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். 'இவ்வூரில் லாண்டரிகள்: முன்பு ஒன்று, தற்போது இரண்டு' என்று வளர்ச்சிப் பக்கத்தில் இருந்தது. ஒரு குடும்பம் இரண்டானதைக்கூட வளர்ச்சியில் சேர்த்துவிட்டார்கள் என்று அவள் அதை மூடி வைத்தாள்.

வேலை இல்லாத கடையில் அவளுக்கு வேலை இருந்தது. இரண்டு மெஷினின் உருளையையும் கழற்றித் தேய்த்தாள். ரப்பர் வளையங்களை மாற்றினாள். வெறும் தண்ணீரை இருபது முறை ஓடவிட்டாள். பிறகு தன் ரவிக்கையை இரண்டிலும் துவைத்து, உச்சி வெயிலில் வேர்க்க வேர்க்க நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடந்தாள். அரிக்கவில்லை.

வார்டனிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே பேனாவை மூடினார். "எட்டு மாசம் உங்க கடையில நடந்தது உங்களுக்கே தெரியல. இப்போ சரியாப் போச்சுன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

அவள் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் விடுதிக் காவலாளி கடைக்கு வந்தார். கையில் ஒரே ஒரு படுக்கை விரிப்பு.

"ஒண்ணுதானாண்ணே?"

"வார்டனோடது. மூணு நாள் அவர் படுத்துப் பாப்பாராம். அரிச்சா கடைப் பேரை ஊரெல்லாம் சொல்லுவேன்னு சொல்லச் சொன்னாரு."

"அரிக்கலன்னா?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவள் விரிப்பை வாங்கி உதறிப் பார்த்தாள். இருபது கிலோ துணி கொள்கிற மெஷினில் அதை மட்டும் தனியாகப் போட்டு, கதவைச் சாத்தி, சுவிட்சைத் தட்டினாள்.