வெயில் படுகிற சுவருக்கு எந்தச் சாமி

எதிர்வீட்டு மணிகண்டராஜ் மொட்டைமாடியில் நின்றுகொண்டு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி, வாங்க, உட்காருங்க" என்று சொல்ல ஆரம்பித்தது ஆனி மாதக் கடைசியில். நான் ஒட்டுக்கேட்கப் போகவில்லை. வடகம் காயப்போட மாடிக்குப் போனவள் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? மறுநாள் வடகம் போடவில்லை, ஆனாலும் போனேன். அன்றைக்கும் தொட்டிக்கு வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. தொட்டிதான் உட்காரவில்லை.

விஷயம் இதுதான். அவன் அப்பா நல்லசிவம் அண்ணாச்சிக்கு நாரணாபுரம் ரோட்டில் பிரஸ். காலண்டர் அடிப்பதுதான் தொழில். சிவகாசியில் காலண்டர்காரர்களுக்கு வருஷம் பிறப்பது ஆடிப் பதினெட்டில். அன்றைக்குத்தான் ஒவ்வொரு கம்பெனியும் அடுத்த வருஷத்துச் சாமி படங்களை ஆல்பமாகத் தைத்துப் பூஜையில் வைத்து வெளியே விடும். வெளியூர் ஏஜென்டுகள் வந்து புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். இத்தனை காலமும் அந்த ஆல்பத்தை விற்றது அண்ணாச்சியின் குரல். வாசலில் நின்று ஒரு "வாங்க" போட்டார் என்றால் அடுத்த கம்பெனிக்குப் போகிறவன்கூடத் திரும்பி வருவான். அந்தக் குரல் 2005 கோடையில் கட்டிக்கொண்டது. தொண்டையில் சின்னதாக ஒரு ஆபரேஷன். இனிமேல் சத்தமாகப் பேசவே கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, மகன் பேச வேண்டும்.

மகனுக்கு வாய் கிடையாது. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். பேச வேண்டிய இடத்தில் பேச மாட்டான், பேசக் கூடாத இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லுவான். போன வருஷம் பெண் பார்த்தபோது, வந்த போட்டோவை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு, "தாடையில டச் பண்ணியிருக்காக, நிழல் தப்பா விழுது" என்றான். தரகர் அதைப் பெண் வீட்டில் போய்ச் சொல்ல, அந்தச் சம்பந்தம் அதோடு சரி. என் பட்டுச்சேலையைக்கூட ஒரு கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு, மடித்து வைத்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொன்னான். அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. சேலையைத்தான் பிறகு கட்டவில்லை.

அண்ணாச்சி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆடிப் பதினெட்டு அன்று இவன் வாய் திறந்து ஏஜென்டுகளைப் பிடித்தால் பிரஸ் இவனுக்கு. இல்லாவிட்டால் ஆபீஸ் அறையில் அவருடைய தம்பி மகன் உட்காருவான், இவன் சென்னையில் மாமன் பாத்திரக்கடைக்குப் போய்விட வேண்டும். தம்பி மகன் வாயாலேயே பந்தல் போடுகிறவன், கூப்பிட்டால் மறுநாளே வந்து நிற்பான்.

மணிகண்டராஜுக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. சின்ன வயசிலிருந்து மெஷின் பக்கத்திலேயே கிடந்தவன் அவன். தாள் வந்து விழும்போதே சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருப்பதைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொல்லுவான். பாத்திரக்கடையில் எதை நிறுத்தச் சொல்லுவான்?

வைத்தியம் தொடங்கியது. சனிக்கிழமைதோறும் மதுரையில் பேச்சுப் பயிற்சி வகுப்பு. வீட்டில் கேசட்டில் பேசிப் பதிந்து, அதையே திரும்பப் போட்டுக் கேட்பது. கேட்கிற அவனுக்கும் நிம்மதி இல்லை, தெருவுக்கும் இல்லை. ஆடிக் காற்று வேறு கதவு ஜன்னலையெல்லாம் போட்டு அடித்தது. அண்ணாச்சி தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நான் வாசலில் நின்று எதைக் கேட்டாலும் கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

அவர் வீட்டம்மா ஆவுடைத்தாய் மதினி அம்மனிடம் போனாள். மகன் வாய் திறந்துவிட்டால் இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு வெள்ளியில் வாய் செய்து போடுவதாக நேர்ச்சை. உடம்பில் எந்த உறுப்புக்குக் கோளாறோ அந்த உறுப்பைத் தகட்டில் வாங்கிப் போடுவது அங்கே வழக்கம். கோயில் கடையில் கண், கை, கால் எல்லாம் கிடைக்கும். வாய்க்கு யாரும் நேர்ந்துகொள்வதில்லை போலிருக்கிறது. ஆசாரியிடம் தனியாகச் சொல்லி அடித்து வாங்கி, என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"பல்லுத் தெரிய அடிக்கச் சொன்னேன் மதினி. சிரிச்ச வாயா இருந்தாத்தான யாவாரம் நடக்கும்?"

வாயைப் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காய்கறி வண்டிக்காரனை அவள் பேசிப் பாதி விலைக்கு இறக்குவாள். அவனும் சிரித்துக்கொண்டே கொசுறுக்குக் கறிவேப்பிலை வைத்துவிட்டுப் போவான். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் காய் வாங்கினோம். அந்த வாய் வீட்டிலேயே இருக்கும்போது வெள்ளியில் ஒன்று எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆடிப் பதினெட்டு வந்தது. பூஜைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மற்றவர்கள் பிரசாதம் வாங்கிக்கொண்டு கிளம்ப, நான் சுண்டல் விநியோகத்துக்கு ஆள் வேண்டுமே என்று தங்கிவிட்டேன்.

ஏஜென்டுகள் வந்தார்கள். மணிகண்டராஜ் புதுச்சட்டை போட்டு வாசலில் நின்று, மாடியில் தொட்டிக்குச் சொன்னதை அப்படியே, மூச்சு விடாமல் ஒப்பித்தான். உட்கார்ந்திருந்தவர்களை உட்காரச் சொன்னான். கையில் டம்ளரோடு இருந்தவரிடம் டீ சாப்பிடுகிறீர்களா என்றான். அதற்குமேல் பாடம் இல்லை. கழுத்து வழியாக வேர்வை இறங்க, கைவிரலைச் சொடுக்கிக்கொண்டே நின்றான். இரண்டு பேர் ஆல்பத்தை மூடிவிட்டு அடுத்த கம்பெனிக்குக் கிளம்பினார்கள். அண்ணாச்சி வாய் திறந்தார், காற்றுத்தான் வந்தது. மதினியிடம் கிசுகிசுவென்று, "அவனுக்குப் போனைப் போடு, வரச் சொல்லு" என்றார். யார் என்று கேட்கத் தேவையில்லை. மணிகண்டராஜுக்கும் அது கேட்டது.

அந்த நேரத்தில் சீனிச்சாமி என்கிற தேனிப் பக்கத்து ஏஜென்ட் முருகன் படத்தில் விரலை வைத்தார். இதையே எல்லாக் கடைக்கும் போட்டுவிடலாம் என்றார். பெரிய ஆர்டர். குறித்துக்கொண்டு வாயை மூடியிருந்தால் போதும். இத்தனை நாள் மூடியிருந்த வாய் அப்போதுதான் திறந்தது.

"இது வேண்டாம் அண்ணாச்சி."

சீனிச்சாமி நிமிர்ந்து பார்த்தார். "உங்க கம்பெனி படம்தான தம்பி?"

"கடையில எங்கன மாட்டுவாக? வெயில் படுற சுவரா?"

"சைக்கிள் கடை, டீக்கடை. எல்லாம் வாசல் சுவருதான்."

"அப்பச் சித்திரைக்குள்ள சிவப்பும் மஞ்சளும் போயிரும். முருகன் நீலமா நிப்பாரு. கிருஷ்ணனை எடுங்க. அவரு முன்னாடியே நீலம், எம்புட்டு வெயில் அடிச்சாலும் தெரியாது."

அண்ணாச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். சீனிச்சாமி சிரித்தார் பாருங்கள், மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்டது. போன வருஷம் ஒரு டீக்கடைக்காரர் அவரைக் கூப்பிட்டு, உங்கள் முருகனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம். சரி, உள்சுவருக்கு எது என்றார். மணிகண்டராஜ் ஆல்பத்தையும் அவரையும் இழுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனான், திரும்ப டியூப்லைட்டுக்கு அடியில் கொண்டுவந்தான், புகை படிகிற ஓட்டல் சுவருக்கு இது, ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அது என்று பக்கம் பக்கமாகத் தள்ளினான். கிளம்பிப் போன இரண்டு பேரும் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்து, அவரவர் ஊர்ச் சுவரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

விலை என்று வந்ததும் பயல் மறுபடி தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டான். சுண்டல் தட்டோடு நின்ற மதினிக்குப் பொறுக்கவில்லை.

"விலைய எங்கிட்டக் கேளுங்க அண்ணாச்சி" என்று சீனிச்சாமியிடம் சொல்லி, தட்டை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். காய்கறிக்காரன் பட்ட பாட்டை அன்றைக்கு அவர்கள் பட்டார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே பட்டார்கள்.

எல்லாரும் போனபிறகு அண்ணாச்சி, போனைப் போட்டாயா என்று மதினியிடம் கேட்டார். லைன் கிடைக்கவில்லை என்றாள். அவள் போன் பக்கமே போகவில்லை, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அவருக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. நம் சரக்கை நாமே குற்றம் சொல்லி விற்கிற யாவாரத்தை எந்த ஊரிலும் கண்டதில்லை என்று கிசுகிசுத்தார். அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வாரம் இரண்டு நாள் போகச் சொன்னார்.

"போகலப்பா" என்றான் மணிகண்டராஜ். "தொட்டிகிட்டப் பேசினது போதும். படத்த நான் பாக்கேன். பேச அம்மா இருக்காக."

மறுநாள் காலையில் எங்கள் வாசல் வழியாக அண்ணாச்சி அனுப்பிய நாற்காலி ஒன்று சைக்கிளில் கட்டிப் பிரஸ்ஸுக்குப் போனது. ஆபீஸ் அறையில் இரண்டாவது நாற்காலி. மதினி பின்னாலேயே ஆட்டோவில் போனாள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் கறிவேப்பிலைக்குத் தனிக் காசு.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனோம். அவர்கள் வேனில் ஒரு இடம் காலியாக இருந்தது, நான்தான் ஞாபகப்படுத்தினேன். நேர்ச்சை பலித்ததா இல்லையா என்று வழியெல்லாம் பேச்சு. நாலு வார்த்தைக்கு வெள்ளி வாயா என்று நான் கேட்டேன். திறந்தது திறந்ததுதானே என்று மதினி பல் தெரிகிற வாயை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கோயில் கடையில் மணிகண்டராஜ் மட்டும் நின்றுவிட்டான். ஒரு ஜோடி கண்மலர் கேட்டான். கடைக்காரி தகட்டுக் கண்களை எடுத்துக்கொடுத்து, யாருக்கய்யா கண்ணு சரியில்லை என்று விசாரித்தாள்.

"யாருக்கும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

அவளுக்கு விளங்கவில்லை. அவன் அதற்குள் கண்மலரை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கண் பெரிசாக இருக்கிறது, வேறு கொடுங்கள் என்றான். அடுத்த ஜோடியில் ஒன்று சாய்ந்திருந்தது. பின்னால் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கடைக்காரி அலுத்துப்போய்த் தட்டையே கவிழ்த்து, நீயே பொறுக்கிக்கொள் என்றாள். அவன் குத்தவைத்து உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தான்.

அண்ணாச்சி வாட்சைப் பார்த்தார். பூசை நேரம் போய்க்கொண்டிருந்தது. அதட்ட வாயெடுத்தவர், தொண்டையைத் தடவிக்கொண்டு, மகன் கையில் தன் நிழல் விழாமல் கொஞ்சம் தள்ளி நின்றார்.