மெர்லியேயின் ஐந்து மாடுகள்

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு நிச்சயமில்லை. கிளடிஸ் இதைச் சொல்லும்போது ஒரு தடவை மழை பெய்யும், இன்னொரு தடவை வெயில் எறிக்கும். தொண்ணூற்றாறா, தொண்ணூற்றேழா என்பதும் மறந்துபோயிற்று. ஓவியக் கூடத்தின் சுழல்கதவில் இரண்டு முறை சுற்றி அவள் மறுபடியும் வீதிக்கே வந்துவிட்டாள் என்பது மட்டும் மாறுவதில்லை. மூன்றாவது சுற்றில் காவலாளி சீமோன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

“அண்ணைக்கு எப்பிடி அக்கா?”

“இண்டைக்கோ நாளைக்கோ எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். படத்தைக் காட்டு, நான் கெதியாப் போகவேணும்.”

அவளுடைய கணவர் செல்வரட்ணம் சீமோனுடன் ஆறு வருடம் அங்கே காவலுக்கு நின்றவர். அவர் நின்ற அறையைத் தேடி யாரும் வருவதில்லை. கழிப்பறைக்கு வழி கேட்பவர்கள்தான் எட்டிப் பார்ப்பார்கள். மெர்லியே என்ற, அதிகம் பேர் அறியாத பிரெஞ்சுக்காரர் நூற்றிருபது வருடங்களுக்கு முன் வரைந்த படம் அங்கே இருந்தது. சேற்றுப் பாதை, வேலியில் திறந்து கிடக்கும் படலை, ஐந்து மாடுகள், பின்னால் தடியுடன் கொட்டாவி விடும் ஒரு பெண், தாழ்ந்து நிற்கும் சூரியன். ‘மாலையில் வீடு திரும்பும் மாடுகள்’ என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

செல்வரட்ணம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அது காலை, மாடுகள் மேயப் போகின்றன என்று ஆறு வருடமும் சாப்பாட்டு மேசையில் வாதாடினார்.

“ஊரில பால் சங்கத்தில பால் அளந்த ஆளுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்?” என்பாள் கிளடிஸ்.

“அப்ப கறந்து வளந்த நீர் வந்து பாத்துச் சொல்லுமன்.”

“மாடு பாக்க ஆரும் சப்வே ஏறிப் போவினமே?”

ஆஸ்பத்திரியில் இரண்டு நாளாகப் பேசாமல் கிடந்தவர் அன்று காலையில் ஒரு வார்த்தை பேசினார். “ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாரும்.”

கிளடிஸ் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படத்தின் முன்னால் நின்றாள். சூரியனை அவள் பார்க்கவில்லை. மடிகளைப் பார்த்தாள். அவை சுருங்கித் தொங்கின. கறந்து முடித்த மடிகள். ஒவ்வொரு மாட்டுக்கும் விலாவின் பின்னால் பசிக்குழி விழுந்திருந்தது. மேய்ந்து திரும்புகிற மாட்டின் வயிறு அப்படி ஒட்டியிருக்காது. மெர்லியே மாடுகளின் பின்னால் நடந்திருக்கிறார், பெயரை எழுதி ஒட்டியவர் நடந்ததில்லை என்று நினைத்தாள்.

“என்னக்கா, காலையோ பின்னேரமோ?”

“அதை அவரிட்டத்தான் சொல்லுவன்.”

ஸ்காபரோவுக்குத் திரும்பும் வழியெல்லாம், ‘நீங்கள் சொன்னதுதான் சரி’ என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடங்களில் ஒரு தடவையும் சொல்லாத வசனம் அது.

ஆஸ்பத்திரியில் மகள் மெலிசா கட்டிலருகே இருந்தாள். செல்வரட்ணத்தின் கைகள் போர்வைமேல் நேராகக் கிடந்தன. பெட்டியெல்லாம் கட்டி முடித்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். கண்ணைத் திறந்தார்.

“பாத்தனீரே?”

வசனம் வாய்வரை வந்தது. இதைக் கேட்டுவிட்டால் அவருக்குக் கேட்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லை என்று அவளுக்குப் பட்டது.

“பாத்தன். பின்னேரம்தான்.”

தலையணையிலிருந்து தலை எழும்பியது.

“என்ன விசர்க்கதை! மடியைப் பாத்தனீரே?”

“நிறைஞ்ச மடி.”

“மெலிசா, உன்ர கொம்மாக்குக் கண்ணாடி மாத்தவேணும். கட்டிலை உயத்து!”

“அப்பா, காம் டவுண்!”

“முதல்ல தண்ணி தா.”

குரலைக் கேட்டு ஓடிவந்த தாதி, அவர் சாய்ந்து உட்கார்ந்து விரலை ஆட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மூன்று நாள் அந்த வாதம் நடந்தது. தயிரும் சோறும் நான்கு கரண்டி உள்ளே போனது. பக்கத்துக் கட்டில் இத்தாலியக் கிழவர் மொழி புரியாமலே இவர் பக்கம் சேர்ந்து தலையாட்டினார். மெலிசா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

“படத்தில அந்தப் பெட்டை கொட்டாவி விடுறாள். இப்பதான் நித்திரையால எழும்பினவள்.”

“விடிஞ்சதில இருந்து மாட்டுக்குப் பின்னால திரிஞ்சா உங்களுக்குக் கொட்டாவி வராதோ?”

அவர் யோசித்தார். நான்காம் நாள் மதியம் அது. ஜன்னலில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது.

“பொறும். அதுக்கும் மறுமொழி இருக்கு,” என்று கண்ணை மூடினார். வாயோரத்தில் சிரிப்பு இருந்தது. கிளடிஸ் பொறுத்திருந்தாள். நெடுநேரம் பொறுத்திருந்தாள். பிறகுதான் மெலிசா மணியை அழுத்தினாள்.

மெர்லியேயின் படம் தபாலட்டையாக எங்கும் விற்கவில்லை. சீமோன் தன் கமராவில் எடுத்துக் கழுவிய போட்டோவை மரணச் சடங்குக்குக் கொண்டுவந்தான். கிளடிஸ் அதைக் கணவரின் கோட்டுப் பையில் வைத்தாள். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குனிந்து, அவர் காதருகே ஏதோ சொன்னாள்.

“அம்மா, என்ன சொன்னீங்க?”

“கொலர் மடிஞ்சிருக்கு எண்டு சொன்னன்.”

மெலிசா எட்டிப் பார்த்தாள். கொலர் சரியாகத்தான் இருந்தது.

மெலிசா பிறகு கலியாணம் முடித்து அஜக்ஸில் வீடு வாங்கினாள். சீமோன் இப்போதும் அதே அறையில் நிற்கிறான். கிளடிஸ் மாதத்தில் ஒரு புதன்கிழமை போய்ப் படத்தின் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். சுழல்கதவு பழகிவிட்டது. படத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை. ஐந்து மாடுகளும் இன்னும் படலையைத் தாண்டவில்லை.