ஊசிக்குத் தகுதி

விலங்கு மருத்துவமனையில் கடிக்கிற பூனை எது வந்தாலும் "அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். டாக்டரையே பிறாண்டிய பூனைகூட அவள் மடியில் சாதுவாகிவிடும். அந்த அக்காவுக்குத்தான் பூனை ஆகாது. முதலில் தும்மல், பிறகு கண் எரிச்சல், இப்போது இழுப்பு. விதி எதிரில் வந்தால் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருக்கிறது. வேறு வேலை அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

அலர்ஜி டாக்டரம்மாவிடம் ஓர் ஊசி இருந்தது. எது ஆகாதோ அதையே துளித்துளியாக ஏற்றி, சில வருஷங்களில் உடம்பைப் பழக்கிவிடும் வைத்தியம். எல்லோருக்கும் போடமாட்டார்கள். எது ஆகாது என்று கையில் வரிசையாகக் குத்திப் பார்த்தபோது பூனைக்கான இடம் மட்டும் தடித்தது, அதில் தேறிவிட்டாள். மிச்சம் மூச்சுச் சோதனைதான். இழுப்பு அடங்காதவர்களுக்கு அந்த ஊசி உயிருக்கே ஆபத்து. சோதனையன்று காலையில் இன்ஹேலரைத் தொடக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

குழாயில் ஊதினாள். டாக்டரம்மா திரையைப் பார்த்தார்.

"பரவாயில்லையே, நல்லா ஊதியிருக்கீங்க. ஆரம்பிச்சிடலாம்."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு. அதோடு எழுந்து வந்திருக்கலாம். பக்கத்தில் வீட்டுக்காரர் இருந்தாரே! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன்.

"சும்மா வருமா டாக்டர்? ராத்திரியெல்லாம் உக்காந்தேதான் தூங்குறா."

அவள் அவர் காலை மிதித்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

"இன்னைக்கு ஊதணுமேன்னு கீழ படிக்கட்டுலயே நாலு இழுப்பு இன்ஹேலர் இழுக்க வெச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன்."

பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார்செய்த அப்பாவின் பெருமை அவர் முகத்தில். டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"இப்ப போட முடியாதும்மா. போட்டதும் மூச்சு நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"மருந்தைக் கூட்டிக் குடுங்க டாக்டர்" என்றாள் அவள்.

"கூட்டியாச்சு. இதுக்கு மேல இல்ல. பூனைங்க கூடவே இருந்தா இது அடங்காது. வேலையை விடுங்க. மூச்சு சரியாகட்டும், அப்புறம் ஊசியைப் பத்திப் பேசலாம்."

வீட்டுக்காரர் திருதிருவென விழித்தார். அவர்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் உளறாமல் இருந்திருந்தாலும் நெஞ்சுக்குள் இருப்பது அதே நுரையீரல்தானே.

"வேலையை விட்டுட்டா எனக்கு ஊசி எதுக்கு டாக்டர்?"

டாக்டரம்மா ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை.

"தேவைப்படாதும்மா" என்றார்.