அங்கமுத்துவுக்குப் பின்னால் மேகங்கள்

வெள்ளிக்கிழமைக்குள் மண்டபத்துக்கு மூன்று லட்சம் முன்பணம் கட்ட வேண்டும். இல்லையென்றால் எங்கள் மாநில மாநாடு திருச்சிக்குப் போய்விடும்.

போட்டோ, வீடியோ எடுப்பவர்களின் சங்கம். இரண்டாயிரம் பேர் வருவார்கள். மாநாட்டைப் பெரம்பலூரில் நடத்தவேண்டும் என்று மாநிலக் கூட்டத்தில் எழுந்து கேட்டவள் என் மனைவி அனிதா. கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் டெங்குவில் இறந்துபோனாள். நான் படம் எடுப்பவன் இல்லை, ஃப்ளெக்ஸ் அடிப்பவன். ஆனாலும் நன்கொடை வசூலை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சங்கத் தலைவர் செல்லதுரை அண்ணன் பைக் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கடை கடையாகப் போனோம். பெரம்பலூரில் வெங்காய மண்டி, ஜவுளிக்கடை, நகைக்கடை எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் வந்தது. மீதி அரியலூர்ப் பக்கம்தான். அங்கே எந்தக் கடையில் ஏறினாலும் ஒரே கேள்வி.

"அங்கமுத்து எவ்ளோ போட்டாரு?"

அங்கமுத்து உடையார்பாளையத்தில் முந்திரி ஆலை வைத்திருப்பவர். அவர் பெயர் இல்லாமல் அந்தப் பக்கம் எந்த வசூலும் நகராது. அவரோ வடை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எம் படத்தைப் போட்டு அரியலூர்ல ஃப்ளெக்ஸ் வைங்க. நாலு பேரு பாக்கட்டும். மறுநாளே ஒரு லட்சம் வாங்கிக்குங்க."

அவர் மகள் மணிமொழி பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை அடித்தேன். புதன்கிழமை காலை கடைவீதியில் கட்டினோம்.

பத்து மணிக்குச் செல்லதுரை அண்ணன் போன் செய்தார்.

"அறிவு, அங்கமுத்து போயிட்டாராமே?"

"யாருண்ணே சொன்னா?"

"கடைவீதியே சொல்லுது. ரெண்டு பேரு ஷட்டர இறக்கிட்டான். எல்லாம் உன் ஃப்ளெக்ஸைப் பாத்துதான்."

ஃபைலைத் திறந்து பார்த்தேன். நீல வானம், வெள்ளை மேகம், இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு. நடுவில் கறுப்பு வெள்ளையில் அங்கமுத்து. 'மாநாட்டு முதன்மைப் புரவலர்' என்பது காலடியில் பொடி எழுத்தில் கிடந்தது.

அனிதா போனதிலிருந்து ஓர் ஆண்டாகக் கண்ணீர் அஞ்சலி வேலை மட்டும்தான் வாங்கினேன். கல்யாணம், காதுகுத்து என்று யாராவது வந்தால் பக்கத்துக் கடையைக் காட்டிவிடுவேன். கை, பழகிய ஃபைலைத் திறந்திருக்கிறது.

உடையார்பாளையம் போனோம். வாசலில் பதினோரு பைக்குகள், ஒரு வேன். அங்கமுத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஏழு ரோஜா மாலைகள்.

"வாங்க தம்பி. எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?"

"மன்னிச்சிடுங்கய்யா. என் தப்புதான்."

"பணம் கேட்டு வந்தவரு உசுரையே எடுத்துட்டாரு" என்றார் அவர் மனைவி கிருஷ்ணம்மாள். செல்லதுரை அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"ஃப்ளெக்ஸும் வேணாம், மாநாடும் வேணாம்" என்று அங்கமுத்து ஆரம்பித்தார். மாநாடு திருச்சிக்குப் போவது எனக்குத் தெரிந்தது.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. "மாமா..." என்று கத்திக்கொண்டே ஒருவர் மாலையோடு இறங்கி ஓடி வந்தார். கீழப்பழுவூரில் அரிசி ஆலை நடத்தும் வீரமுத்து. கிருஷ்ணம்மாளின் தம்பி. மணிமொழியின் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள் என்று ஆறு வருடமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர்.

காபி டம்ளரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"பத்திரிகை வெச்சாத்தான் வருவேன்னியே. இப்ப மட்டும் எப்படிடா வந்தே?" என்றார் அங்கமுத்து.

"சாவுக்கு யாரு மாமா பத்திரிகை வெக்கிறா?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வேனில் வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். கிருஷ்ணம்மாள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த மாலையத் தூர எறிஞ்சிட்டு உள்ள வாடா. எப்பச் சாப்புட்டியோ."

வீரமுத்து மூன்றாவது இட்லியில் இருக்கும்போது அங்கமுத்து என்னைக் கூப்பிட்டார்.

"வேற ஃப்ளெக்ஸ் போடுங்க தம்பி. நான் சொன்னது தரேன். இவன் படமும் பக்கத்துல வரணும். அம்பதாயிரம் குடுப்பான்."

"எம் படம் சின்னதா இருந்தா குடுக்க மாட்டேன்" என்றார் வீரமுத்து, இட்லியோடு.

"செத்தவன் நான்டா. எம் படம்தான் பெருசு."

"ரெண்டும் ஒரே அளவுங்க" என்றேன். "கலர்ல. நாளைக்கு நானே வந்து எடுக்கறேன்."

செல்லதுரை அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அனிதாவின் கேமரா பீரோவில் இருந்தது. சார்ஜ் போட்டேன். கார்டில் இடம் இல்லை என்று காட்டியது. எதையும் அழிக்கவில்லை. புது கார்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை இருவரும் முந்திரி மரத்தடியில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். முதல் மூன்று படங்களிலும் தலை வெட்டுப்பட்டது.

"தம்பி, இந்தத் தடவை மூஞ்சியும் வரட்டும்" என்றார் அங்கமுத்து. "இல்லாட்டி மறுபடியும் மாலையோட வந்துருவானுங்க."

வீரமுத்து வாய்விட்டுச் சிரித்தார். அதை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் முன்பணம் கட்டினோம். மாலை கடைக்குத் திரும்பியபோது ஒருவர் காத்திருந்தார். பேத்திக்குக் காதுகுத்து, ஃப்ளெக்ஸ் வேண்டும் என்றார்.

எத்தனைக்கு எத்தனை அடி என்று கேட்டேன்.